சத்தம் போடாத டப்பா

மலரு கண்ணு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது உன் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் அவர் பிரிப்பார், நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ஷிஃப்ட் வேலை பார்க்கிற பெண்ணை ஷிஃப்ட் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தவன் நான், வேறு எப்படி நினைத்துப் பார்ப்பேன்? போனில் சொல்லலாம் என்றால் நான் சூடு பிடித்துப் பேச ஆரம்பிக்கும்போதுதான் நீ "நைனா, கம்பெனி பஸ்சு வந்துடும்" என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படியெல்லாம் வைத்துவிட்டுப் போகாது. உனக்கு எப்போது தூக்கம் கலைகிறதோ அப்போது படித்துக்கொள்.

நேற்று நீ "எங்க ஊட்டுக்கும் அதே மாதிரி டப்பா ஒண்ணு பண்ணிக் குடு நைனா" என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில்லிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பரண்மேல் ஏறி அலுமினியத் தகட்டைத் தேடினேன். உன் அம்மா கீழே நின்று, "பொண்ணு கேட்டா குடுகுடுன்னு ஏறுற. நான் மிக்ஸி ஜாடி எடுக்கச் சொன்னா மட்டும் முட்டி வலி வந்துடுது" என்றாள். சொல்லட்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னோடு கம்பெனி லைனில் நிற்கிற பிள்ளைகள் நாலைந்து பேரும் இந்த டப்பாவைப் பற்றிக் கேட்டார்கள் என்றாயே, அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது. நீ டிவியில் வந்த அந்த ஆயுத பூஜை அன்று, உன் அம்மா உன்னைப் பார்க்க முடியாமலே போயிருக்க வேண்டியது. நீ வந்து, "மொதல் பாதியக் காணோமே" என்று கேட்டபோது, "கரண்ட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கரண்ட் மட்டுமில்லை. இப்போது அவளே, "எழுதிக்கோ போ, சிரிச்சிட்டுப் போவட்டும்" என்று அனுமதி கொடுத்துவிட்டாள்.

நம் புதுவாயல் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம். உன் தோழிகளுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டப்பா ஏன் அப்படிப் பிறந்தது என்று புரியாது. நான் இரும்பு மில்லில் உலை பக்கம். உன் அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் ஓட்டுகிறவள். ஒரு வாரம் எனக்கு ராத்திரி, ஒரு வாரம் அவளுக்குச் சாயங்காலம். இரண்டே அறை. பகலில் நான் படுத்திருந்தால் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. நீ பக்கத்திலேயே நின்று, குண்டு ஆடத் தொடங்கியதும் அடுப்பை அணைப்பாய். சின்ன வயதிலேயே உனக்கும் அம்மாவுக்கும் கையாலேயே பேசிக்கொள்ளத் தெரியும். நாம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தது பொங்கல், தீபாவளிக்குத்தான். அம்மாவுக்கு ஒரு சீரியல் மேல் உயிர். ஆனால் மாதத்தில் பாதி நாள் அது ஓடுகிற நேரத்தில் அவள் மெஷின் முன்னால் நிற்பாள். மறுநாள் தண்ணீர் குழாயடியில் பெண்கள் கதை சொல்ல ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாதீங்கடி, சொல்லாதீங்கடி" என்று குடத்தை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

அதற்குத்தான் நீ பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, டிவியைத் தானாகப் பதிந்து வைத்து, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று கிளம்பினாய். உன் அண்ணன் முறைப் பையன் ஒருவன் ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அது போட்ட சத்தம் இருக்கிறதே! மாவு மில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி. சரி, சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருஷம் அது. கரண்ட் போனதும் அந்தப் பெட்டி நம் ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேல் ஓடிய ஃபேன் நின்றுபோனது. ராத்திரி முழுக்க உலை முன்னால் வெந்துவிட்டு வந்தவன் பகலில் வேர்வையில் குளித்து எழுந்தால் என்ன பேசுவானோ அதைத்தான் பேசினேன். நீ அழவில்லை. பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டே, "நைனா, உன் ஃபேன் நிக்கக் கூடாது, அவ்ளோதான? ஃபேனோட சேந்து ஓடுற மாதிரி ஒண்ணு பண்றேன்" என்றாய். எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. படுத்துக்கொண்டே, "எப்புடி?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் அப்புறம் தூங்கவே இல்லை, நினைவிருக்கிறதா? இரண்டு பேரும் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

கவரைப்பேட்டையில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவுக்கு நாம் போனது எனக்கு ஒரு திருவிழா மாதிரி. மூளைச் சில்லையும் சேர்த்து ஒட்டிய ஒரு சாண் போர்டு ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதுதான் வேண்டும் என்று நீ கேட்டாய். கடைக்காரர் அதை எடுத்து வைத்துவிட்டு, "இது கம்ப்யூட்டர் இல்ல சார், பொம்மை. பாப்பாவுக்குப் பெருசா வாங்கிக் குடுங்க" என்றார். கூடவே தடியாக ஒரு பவர் சப்ளையையும் நீட்டினார். நீ அதைத் திருப்பிப் பார்த்து, "அண்ணே, நான் ஊட்டுக்குக் கேக்கறேன், கல்யாண மண்டபத்துக்கு இல்ல" என்றாயே, அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கடைக்காரரும்தான். அதற்கப்புறம் அவரே உள்ளே போய், பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற கையகலச் சப்ளை போர்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். டிவியைப் பதிகிற கார்டை மட்டும் நீ விலை பார்க்காமல் நல்லதாக எடுத்தாய். படத்தைச் சுருக்குகிற வேலையை அந்தக் கார்டே செய்துவிடும், சின்ன மூளை திணறாது என்று ரயிலில் எனக்கு விளக்கினாய். மற்றதிலெல்லாம் சிக்கனம் பிடித்தாய். சிடி டிரைவ் வேண்டாம், விண்டோஸ் வேண்டாம் லினக்ஸ் சும்மாவே கிடைக்கும், லேப்டாப்பில் இருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் போதும், அதுதான் சத்தமும் குறைவு, கரண்டும் குறைவு. இப்போது நீ புதிதாகக் குடித்தனம் பண்ணுகிறவள், இதையேதான் சொல்வேன்: எது ஒன்று கெட்டால் மொத்தமும் கெடுமோ அதை நல்லதாக வாங்கு, மற்றதெல்லாம் பழசு போதும். கட்டிலுக்கும் பீரோவுக்கும்கூட இது பொருந்தும்.

டப்பா செய்கிற வேலை என்னுடையது. மில்லில் கழிவுத் தகடு எடுத்துக்கொள்ள சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு கதையும் இருக்கிறது: அந்த போர்டில் மூளைக்கு ஃபேன் இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சில்லுக்குக் கொசு கத்துகிற மாதிரி ஒரு குட்டி ஃபேன். "மொதலாளி சும்மா இருக்கான், குமாஸ்தா கத்துறான்" என்று நான் சொன்னேன். நீ அந்தக் குட்டி ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பட்டை பட்டையாக இருக்கிற பெரிய அலுமினியத் துண்டு வேண்டும் என்றாய். பழைய வெல்டிங் மெஷினில் இருந்து அறுத்து, அரம் போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தேன். சூடு மேலே போக டப்பாவின் தலையில் வரிசையாக ஓட்டை போட்டேன். முகப்பில் மில் பேனலில் கிடந்த பெரிய சிவப்பு ஸ்விட்ச். நீ, "இன்னா நைனா, லாரி ஸ்டார்ட் பண்ற மாதிரி கீது" என்றாய். இருந்தால் என்ன, என் மகள் மெஷினுக்கு ஸ்விட்ச் கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருக்கட்டும் என்று வைத்தேன்.

உன்னுடைய யோசனையிலேயே பெரிய யோசனை, அதை இன்வெர்ட்டரில் சொருகாமல் நேராக பேட்டரியிலேயே இழுத்தது. பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட், டப்பாவும் பன்னிரண்டு வோல்ட், நடுவில் எதற்கு வீண் சுற்று? அதனால் இன்வெர்ட்டர் கைவிட்டாலும் டப்பா ஓடும். உன் தோழிகளுக்கு இதைச் சொல்லும்போது மறக்காமல் சொல்: பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் கட்டாயம் போட வேண்டும். சார்ஜ் ஏறும்போது வோல்ட் கூடும், இறங்கும்போது குறையும், இரண்டையும் தாங்குகிற சப்ளை போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் வீடு எரியும், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் தடவை சிவப்பு ஸ்விட்சைப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. நானும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மா சமையலறையிலிருந்து வந்து டப்பாவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "செத்துப் பூட்ச்சா?" என்றாள். அப்போதுதான் டிவியில் எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டிருந்த மெஷின்தான் அது, சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்! மூன்று பேரும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு வந்தார். மறுநாள் காலையில் அம்மா நாஷ்டா முடித்து, முந்தின நாள் சீரியலைக் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். நான் பக்கத்து அறையில் தூங்கினேன், ஃபேன் ஓடியது. குழாயடியில் அவள் இப்போது காதைப் பொத்துவதில்லை. "நானே பாத்துக்கறேன், நீங்க சும்மா இருங்க" என்று ராணி மாதிரி குடம் நிரப்பிக்கொண்டு வருகிறாள்.

அடுத்த வருஷம் நீ கடைசி வருஷப் படிப்புக்கு திருவள்ளூர் ஹாஸ்டலுக்குப் போனாய். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் கையால் பேசிக்கொள்ளக்கூட ஆளில்லாமல் போய்விட்டது. நான் வேலைக்குப் போகும்போது அவள் தூங்குவாள், அவள் போகும்போது நான். நீயும் ப்ராஜெக்ட் அது இது என்று மாதக்கணக்கில் வரவில்லை. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு வந்தாய், அன்றைக்கும் அம்மாவுக்கு ஓவர்டைம். வந்த வேகத்தில் சொல்லிவிட்டுப் போனாய்: மாணவர்கள் செய்த கருவிகளைப் பற்றி ஒரு டிவியில் நிகழ்ச்சி, உன் டப்பாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆயுத பூஜை சாயங்காலம் போடுவார்கள். அந்த நேரத்தையும் டப்பாவிலேயே பதிவுக்குக் குறித்து வைத்துவிட்டுப் போனாய். அம்மா ராத்திரி வந்து நான் சொன்னதைக் கேட்டதும், "வந்துட்டுப் பூட்டாளா?" என்று ஒரு நிமிஷம் வாசலையே பார்த்தாள். அப்புறம், "சரி, டிவியிலனாச்சும் பாப்போம்" என்றாள். அன்றிலிருந்து தினம் அவளுக்கு இதே பேச்சு. மகளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனை நாள். ஒரு தடவைதான் போடுவார்கள். விட்டால் போச்சு.

அன்று சாயங்காலம் அம்மா கம்பெனியில் பூஜை. குடும்பத்தோடு வரச் சொல்லி பஸ் அனுப்பினார்கள். மூத்த ஆபரேட்டர் அவள், போகாமல் இருக்க முடியாது. டப்பா பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகக் கிளம்பினோம். உள்ளே மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாலை, சந்தனம் குங்குமம். உன் அம்மா தன் மோல்டிங் மெஷினுக்குத் தானே கற்பூரம் காட்டினாள். அந்தக் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது. மறுநாள் காலை அந்த மெஷின்காரரே பூசணிக்காய் உடைத்து ஓட்டிவிட வேண்டும். அது மெஷினுக்கு ஓய்வு நாள். பொரி, கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வரும்போது அவள் பெருமையாக ஆரம்பித்தாள்.

"காலையிலயே ஊட்டு மெஷினுங்களுக்கெல்லாம் பூஜ போட்டுட்டேன்யா. கிரைண்டரு, தையல் மெஷினு, உன் வண்டி, மலரு டப்பா."

"டப்பாவுக்குமா? ஓடிக்கினு இருக்கும்போதேவா?"

"அதெப்டி? செவப்பு ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுதான். பூஜ போட்ட மெஷின ஓட வுடலாமா?"

ஆஃப் பண்ணின டப்பா எதைப் பதியும்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முகம் மெல்ல மாறியது. கையிலிருந்த பொரிப் பொட்டலம் கீழே விழுந்தது. "ஐயோ, மலரு" என்றாள். அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்கு அரை மணிக்கும் குறைவு. கம்பெனி பஸ் சாப்பாடு முடிந்துதான் கிளம்பும். என் வண்டியும் வீட்டில் மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கிறது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினோம். ஒரு ஷேர் ஆட்டோ இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கலர் காகிதம் பறக்க நின்றது. "புதுவாயலுக்குப் போவணும்பா, அவசரம்" என்றேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, இப்பதான் பூஜ போட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கப் பையன் போய்க்கீறான். பழத்து மேல ஏத்தாம வண்டிய நகத்த மாட்டேன், கோச்சிக்காத." நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அதற்குள் உன் அம்மா முந்தானையை அவிழ்த்து, கம்பெனியில் கொடுத்த பிரசாத எலுமிச்சையை எடுத்து, குனிந்து முன் சக்கரத்துக்கு அடியில் அவளே வைத்தாள். "ஏத்துப்பா. சாமியெல்லாம் ஒண்ணுதான். எம்பொண்ணு டிவியில வரப்போறா, ஏத்து!" அந்த ஆள் அசந்துபோனார். சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. கல்கத்தா ரோடு முழுக்க உடைந்த பூசணிக்காய். வழுக்கி வழுக்கி, வாழை இலை என் முகத்தில் அடிக்க, கவரைப்பேட்டையைத் தாண்டும்போது டிரைவருக்கே எங்களைவிட அவசரம் வந்துவிட்டது. "இன்னா புரோகிராமு, அக்கா? இன்னா புரோகிராமு?" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்கு ஓடியது அன்றைக்குத்தான்.

போய்ச் சேரும்போது நிகழ்ச்சி தொடங்கியிருந்தது, வீட்டுத் தெருவில் கரண்ட்டும் இல்லை. கதவைத் திறந்தால் இன்வெர்ட்டர் வேறு கீ கீ என்று கத்துகிறது. காலையிலிருந்து சாமி படத்துக்கு சீரியல் லைட் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பேட்டரி வற்றிக் கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உன் டப்பா கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. தலையில் நான் போட்ட ஓட்டை வரிசை மேல் பட்டை பட்டையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றிச் சாமந்தி மாலை. மாலையை எடுத்து வீசினேன். அம்மா முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் ஓட்டையை விட்டு வரவில்லை, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி ஒவ்வொன்றாகக் குத்தினாள். நான் டிவி ஸ்விட்சில் ஒரு கை, சிவப்பு ஸ்விட்சில் ஒரு கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இருக்கிற பேட்டரிக்கு டிவியைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாமே போய்விடும். டப்பா மட்டும் என்றால் தாங்கும்.

"ஒண்ணுதான் ஓடும். டிவி போட்டா இப்பவே அவளப் பாக்கலாம், ஆனா நடுவுல பூடும். டப்பா போட்டா பதியும், ஆனா இப்ப ஒண்ணும் தெரியாது. அது பதியுதான்னுகூடத் தெரியாது" என்றேன்.

அவளுக்கு உன்னை அந்த நிமிஷமே பார்க்க வேண்டும் என்று எப்படி இருந்திருக்கும்! ஆனால், "டப்பாவப் போடு. ஒரு தபா பாத்து இன்னா பண்றது?" என்றாள்.

போட்டேன். இருட்டில் டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கியது. நீ குறித்து வைத்திருந்ததால் தானாகவே பதிவு பிடித்திருக்கும் என்று நம்பிக்கை. கேபிள்காரர் ஜெனரேட்டர் போட்டிருப்பார் என்று இன்னொரு நம்பிக்கை. வேறு வழியில்லை. சந்தனம் அடைத்த பாதி ஓட்டை திறக்கவே இல்லை, உள்ளே சூடு ஏறினால் தானாக நின்றுவிடும். தொட்டுப் பார்த்த உன் அம்மா, "சுடுதுய்யா" என்று சொல்லி, பூஜைத் தாம்பாளத்தை எடுத்து விசிற ஆரம்பித்தாள். ஃபேனே வேண்டாம் என்று நீயும் நானும் பாடுபட்டுச் செய்த டப்பாவுக்கு அவள் கையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, "இப்ப இதுக்குள்ளதான் பேசிக்கினு கீறாளா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். விசிறுவதை நிறுத்தாமல் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழுதேன்.

கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டோம். இருந்தாய்! முதல் பாதி இல்லை. யாரோ நடுவில் கதவைத் திறந்த மாதிரி, ஒரு வார்த்தையின் பாதியில் நீ நிற்கிறாய், நீலச் சுடிதாரில். நான் குதித்தேன், கை தட்டினேன். பேட்டி கேட்கிறவர், "இவ்வளவு சின்னதா ஏன்மா செஞ்சீங்க?" என்கிறார். நீ டிவித் தமிழில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் நம் பேச்சுக்கே வந்துவிட்டாய். "எங்க ஊட்ல எப்பவும் யார்னா தூங்கிக்கினு இருப்பாங்க சார். அவங்கள எழுப்பக் கூடாது, அவங்க ஃபேனும் நிக்கக் கூடாது" என்றாய். "டப்பா எங்க நைனா செஞ்சது" என்றாய். நான் உன் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன், "கேட்டியா, கேட்டியா?" என்று. அவள் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பின்னாடி போ" என்றாள். போனேன். மறுபடி, "பின்னாடி போ." நீ பேசியதைத்தான் திரும்பத் திரும்ப ரசிக்கிறாள் என்று நினைத்து நானும் மனப்பாடம் ஆகிற அளவுக்கு ஓட்டிக் காட்டினேன். அப்புறம், "நிறுத்து. அங்கயே" என்றாள். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியில் உன் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"எலும்பு தெரியுது பாருய்யா. புள்ள சரியா துன்றதில்ல."

மறுநாள் காலை நாங்கள் ஹாஸ்டல் வாசலில் கேரியரோடு வந்து நின்றோமே, அதற்குக் காரணம் இதுதான். நீ ஓடி வந்து, "இன்னாம்மா, கம்பெனி லீவா?" என்றாய். "ஆமா" என்றாள். லீவு இல்லை, மலரு. அன்று காலை அவள் மெஷினுக்குப் பூசணிக்காய் உடைத்து அவள்தான் ஓட்டிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை அவள் விட்டதே இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்த வருஷம்கூட. அன்றைக்கு வேறு யாரோ உடைத்தார்கள். இவள் விடிவதற்குள் எழுந்து மீன் வாங்கி, குழம்பு வைத்து, பெரியபாளையம் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் மடியில் கேரியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உன் முகத்தைவிட்டு வேறெங்கும் பார்க்கவில்லை. நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்றுகூட உன்னிடம் சொல்ல மறந்துவிட்டாள். நீயும் அதற்காகக் கொஞ்சம் கோபித்துக்கொண்டாய்.

கோபம் இருந்தால் இப்போது விட்டுவிடு. நீ வாட்டு, வோல்ட்டு, சில்லு, டிஸ்க் என்று அவ்வளவு அழகாகப் பேசினாய், நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், இன்றைக்கும் சொல்வேன். உன் அம்மா பார்த்தது உன் கழுத்தெலும்பை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உங்கள் இரண்டு பேருக்கும் எந்த ஷிஃப்ட் என்று போன் பண்ணிச் சொல். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் சத்தம் போட மாட்டோம், பழக்கம்தான். டப்பாவை ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவேன், அதற்குள் நீ சமைக்கிறேன் என்று அடுப்படியில் நிற்காதே. சோறு நாங்கள் கொண்டுவருகிறோம். நீ எங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உன்
நைனா